மலாவியின் ஒரு மாவட்டத்துக்கு எது பொருந்தும்: காகிதமா, கணினியா, கைபேசியா?

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் தென்பகுதியில், ஷைர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிக்வாவா போன்ற ஒரு மாவட்டத்தை மனத்தில் கொள்வோம். ஒரு மாவட்ட மருத்துவமனை, அதைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சுகாதார நிலையங்கள், அவற்றின் கீழ் சைக்கிளில் ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளர்கள் என்பதே அங்குள்ள அமைப்பு. அந்த மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கையில், தரவு முறையை மேம்படுத்துவதற்கென்று அளவான ஒரு தொகை இருந்தால் அதை எதில் போடுவது? நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்போதுள்ள காகிதப் பதிவேடுகளைச் செம்மைப்படுத்தி, மாதத் தொகுப்பை மட்டும் கணினியில் ஏற்றுவது ஒன்று. நோயாளி வந்து நிற்கும் இடத்திலேயே பதியும் மின்னணு நோயாளர் பதிவேட்டை எல்லா நிலையங்களுக்கும் கொண்டுபோவது இன்னொன்று. களப்பணியாளரின் கைபேசியிலிருந்து தொடங்குவது மூன்றாவது. மூன்றையும் ஒருசேரச் செய்யலாம் என்று திட்ட அறிக்கைகள் எழுதுவது வழக்கம்; ஆளும் பணமும் மின்சாரமும் பற்றாத இடத்தில் அது மூன்றையும் அரைகுறையாகச் செய்வதில்தான் முடியும்.

ஒப்பிடுவதற்கு முன் நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். மலாவி மக்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட மின் இணைப்பு எட்டவில்லை. எட்டிய இடத்திலும் மின்சாரம் நிலையாக இருப்பதில்லை. 2022 ஜனவரியில் அனா புயலின் வெள்ளம் ஷைர் ஆற்றின் கபிச்சிரா நீர்மின் நிலையத்தைச் சிதைத்தபோது, நாட்டின் மின் உற்பத்தியில் பெரும் பங்கு ஒரே அடியில் நின்று, அந்த நிலையம் மீண்டும் இயங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சுகாதாரச் செலவில் பாதிக்கும் மேல் வெளிநாட்டு உதவியாக வருவது. ஆகவே, எந்தத் தரவு முறையையும் நான் இரண்டு கேள்விகளால்தான் அளப்பேன்: எழுதுகிற செவிலியருக்கோ களப்பணியாளருக்கோ அந்த எழுத்தால் ஏதாவது திரும்பிக் கிடைக்கிறதா, உதவி தருபவர் விலகிய பிறகு அதை நடத்தும் செலவை யார் ஏற்பார்? மென்பொருளின் வசதிகள் எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வருபவை.

முதல் வழியின் முதுகெலும்பு, சுகாதார நிலையங்களின் தொகுப்புக் கணக்கைத் திரட்டும் டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் கட்டற்ற மென்பொருள். இனவெறி ஆட்சி வீழ்ந்த பின் தென்னாப்பிரிக்காவில், துண்டு துண்டாகக் கிடந்த சுகாதார நிர்வாகங்களை ஒரே கணக்கின் கீழ் கொண்டுவரும் முயற்சியில் பிறந்து, ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் வளர்ந்து, ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் அரசின் அதிகாரபூர்வக் கணக்கேடாக இன்று நிற்கிறது. இதன் இரண்டாம் பதிப்பு முதலில் களம் கண்ட இடங்களில் நம் பக்கத்துக் கேரளமும் ஒன்று. கோவிட் தொடங்கிய வாரங்களில் இலங்கையில் பயணிகளைக் கண்காணிக்க இதன் மேல் கட்டப்பட்ட தொகுதியைப் பல ஆப்பிரிக்க நாடுகள் பின்னர் எடுத்துக்கொண்டன. உரிமக் கட்டணம் இல்லாததும், சர்வர் அமைச்சகத்தின் பொறுப்பில் இருப்பதும், ஒரு நிலையத்துக்கு மின்சாரமே இல்லாவிட்டாலும் முறை குலைந்துவிடாததும் இதன் பெரிய பலங்கள்.

ஆனால் மாதாந்திரக் கணக்கு உருவாகும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் பலவீனமும் தெரியும். புறநோயாளர் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரி. மாதம் முடிந்ததும் அந்த வரிகளை ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே கோடு போட்டு எண்ணி, ஒரு படிவத்தில் நிரப்பி, மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே புள்ளிவிவர அலுவலர் அதைக் கணினியில் ஏற்றுவார். பக்கம் விடுபடும், கூட்டல் பிசகும், படிவம் தாமதமாகும். கீழ்வாய் எண்ணாகப் போடும் மக்கள்தொகை முன்மதிப்பீடு பழையதாகிவிட்டால், ஓர் ஊரில் தடுப்பூசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு நூற்றுப் பத்து என்று விடை வரும். அதைக் கண்டு யாரும் திடுக்கிடுவதும் இல்லை. இதைவிடக் கேடானது, எண்ணியவருக்கு அந்த எண் திரும்பி வராமலிருப்பது. மாதாமாதம் மேலே அனுப்பிவிட்டுப் பதிலே பெறாத செவிலியர், ஓரிரு ஆண்டுகளில் போன மாத எண்ணையே சற்று மாற்றி எழுதத் தொடங்கினால் வியப்பில்லை.

காகிதத்தின் குறை இது என்று முடிவு கட்டிவிட முடியாது. அதே மலாவியில், அதே காகிதத்தில், உலகம் மெச்சிய ஒரு திட்டம் நடந்திருக்கிறது. 2004 முதல் எச்.ஐ.வி. நோயாளருக்கான கூட்டு மருந்து சிகிச்சையை அந்நாடு விரித்தபோது, ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு பதிவேடு என்ற எளிய முறையையே வைத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வைக் குழு மையத்துக்கு நேரில் வரும். அட்டைகளையும் பதிவேட்டையும் ஒப்பிட்டு, எத்தனை பேர் உயிருடன் சிகிச்சையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்பதை மையத்தின் ஊழியர்களுடன் உட்கார்ந்து சரிபார்க்கும். அலமாரியில் உள்ள மருந்தையும் எண்ணும். அந்தக் கணக்கே நாட்டின் அடுத்த மருந்துக் கொள்முதலுக்கு அடிப்படை. கணக்கு குறைந்தால் மருந்து குறையும். கணக்கு சரியாக இருந்தால் மருந்து வரும். 2011இல், கருவுற்ற எச்.ஐ.வி. தாய்மார் அனைவருக்கும், இரத்தப் பரிசோதனை அளவு எதுவாயினும், வாழ்நாள் சிகிச்சை என்ற முடிவை உலகில் முதலில் எடுத்த நாடு மலாவி. அதன் பலனைக் காலாண்டுதோறும் அளக்க உதவியதும் இந்த முறைதான். எனவே, காகிதப் பதிவேட்டின் தரம் காகிதத்தைப் பொறுத்தது என்பதைவிட, அதைப் படிக்க யாராவது வருகிறார்களா என்பதைப் பொறுத்தது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாம் வழிக்கும் மலாவியிலேயே நல்ல முன்னோடி உண்டு. 2001ஆம் ஆண்டையொட்டி லிலோங்வேயின் கமுசு மத்திய மருத்துவமனையில் வேரூன்றிய பாவோபாப் முயற்சி, விசைப்பலகையைத் தொட்டறியாத செவிலியரும் பயன்படுத்தக்கூடிய தொடுதிரையை நோயாளியின் அருகிலேயே வைத்தது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கருவிகள், அவற்றுக்கு வலையமைப்புக் கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்சாரம், மின்வெட்டைத் தாங்க மின்கலத் தொகுப்பு என்று அந்த வடிவமைப்பு முழுவதும் உள்ளூர் நிலைமையிலிருந்து எழுந்தது. மலாவியில் நோயாளி தன் மருத்துவக் குறிப்பைத் தானே ஒரு சிறு கையேட்டில் சுமந்து வருவார். அதற்கு ஹெல்த் பாஸ்போர்ட் என்று பெயர். பாவோபாப் அதை ஒழிக்கப் பார்க்கவில்லை. பதிவு மேசையில் பட்டைக்குறியுள்ள ஒட்டுத்தாள் ஒன்று அச்சாகி அந்தக் கையேட்டில் ஒட்டப்படும். அடுத்த முறை அதை வருடினால் நோயாளியின் பதிவு திரையில் வரும். அன்றைய மருந்து, எடை, அடுத்து வரவேண்டிய நாள் ஆகியவையும் ஒட்டுத்தாளாகவே அச்சாகிக் கையேட்டில் ஏறும். இயந்திரம் படுத்துவிட்டாலும் நோயாளியின் கையில் வரலாறு இருக்கும். கணினி வந்த பின் காகிதத்துக்கு வேலையில்லை என்று நினைத்து வடிவமைக்கப்படும் பல விலையுயர்ந்த முறைகளைவிட இந்தச் சின்ன ஒட்டுத்தாளில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மின்னணுப் பதிவேடு எங்கே உண்மையில் ஈடு தருகிறது என்பதும் இதிலிருந்து புரியும். ஆயிரக்கணக்கான நோயாளர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் சிகிச்சை மையத்தில், காலாண்டு இறுதியில் அட்டைகளைக் கையால் பிரித்து எண்ணுவது நாள்கணக்கில் ஆகும் வேலை. கணினி அதை நிமிடங்களில் முடித்துவிடும். வராமல் போனவர்களின் பட்டியலை அது அன்றே தரும். மருந்தின் அளவு தவறினால் எச்சரிக்கும். இங்கே, பதிபவருக்கே பலன் கிடைக்கிறது. கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காக 2006இல் பயன்பாட்டுக்கு வந்த ஓப்பன்எம்.ஆர்.எஸ். என்ற கட்டற்ற மென்பொருளும் இத்தகைய நெருக்கடியில் விளைந்ததுதான்.

சிறிய சுகாதார நிலையத்தின் கணக்கு வேறு. ஒரு செவிலியர், ஒரு நாளில் எண்பது புறநோயாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் திரையில் கூடுதலாக இரண்டு நிமிடம் என்றால் 160 நிமிடம், அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அவரிடம் அந்த நேரம் இல்லை. காய்ச்சலுடன் வந்து மருந்து வாங்கிப் போகும் குழந்தையின் பழைய பதிவை அவர் மறுபடி திறக்கப்போவதும் அரிது. எனவே அந்த உழைப்பில் அவருக்குத் திரும்பி வருவது சொற்பம். போதாக்குறைக்கு, புதிய முறையை மேலிடம் ஏற்கும்வரை காகிதப் பதிவேட்டையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். இந்த இரட்டைப் பதிவு சில மாதங்களுக்கு என்று தொடங்கிச் சில ஆண்டுகளுக்கு நீள்வதே அனுபவம்.

அடுத்தது செலவு. திட்டம் எழுதும்போது கணினியின் விலை கண்ணுக்குத் தெரியும். மின்கலத்தை மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை மாற்றும் செலவும், பழுது பார்ப்பவர் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்துபோகும் எரிபொருளும், தரவு எழுத்தரின் சம்பளமும், ஒட்டுத்தாள் சுருளின் விலையும் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டுத்தாள் தீர்ந்துபோனால் முறை முழுவதும் நின்றுவிடும் என்பது, வாங்கும் குழுவில் இருப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது இந்த மறைந்த செலவெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. மையங்களில் மின்னணுப் பதிவேட்டை நடத்திவந்த தரவு எழுத்தர்களிலும் தொழில்நுட்பப் பணியாளர்களிலும் பலர் அந்த நிதியிலிருந்து ஊதியம் பெற்றவர்கள். மருந்துக்கு மாற்று நிதி தேட அரசுகள் ஓடின. எழுத்தரின் சம்பளத்துக்கு யாரும் ஓடவில்லை. இது முன்கூட்டியே ஊகிக்க முடியாத விபத்தாகவும் எனக்குத் தோன்றவில்லை. அரசின் ஊதியப் பட்டியலில் இல்லாத ஒருவரை நம்பி ஒரு நாட்டின் நோயாளர் பதிவேட்டை நிறுத்தினால், அவர் போகும்போது அதுவும் போகும்.

மூன்றாம் வழியில் பேச நிறைய இருக்கிறது. ஆனால் அதில் செயலிக்கும் குறுஞ்செய்திக்கும் இடையே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். மலாவியின் சுகாதாரக் களப்பணியாளர்கள், பல அண்டை நாடுகளில் இருப்பதுபோன்ற தன்னார்வலர்கள் அல்லர். அரசுச் சம்பளம் பெறுபவர்கள். தொலைதூர ஊர்களில் இருப்பவர்கள் குழந்தைகளின் மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா ஆகியவற்றுக்கு ஊர் மருந்தகத்திலேயே மருந்து கொடுப்பார்கள். மருந்து தீர்ந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பாதி நாள் மிதித்துப் போய், அங்கும் இல்லை என்று வெறுங்கையுடன் திரும்புவது சாதாரணம். 2011இல் தொடங்கிய சி-ஸ்டாக் என்ற முறை இந்த ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டது. களப்பணியாளர் தம் சாதாரணக் கைபேசியிலிருந்து ஒவ்வொரு மருந்தின் கையிருப்பையும் ஒரு குறுஞ்செய்தியில் அனுப்புவார். எவ்வளவு தேவை என்பதைக் கணினி கணக்கிட்டுச் சுகாதார நிலையத்தின் மருந்துப் பொறுப்பாளருக்குச் சொல்லும். அவர் மருந்தை எடுத்து வைத்த பிறகு, வந்து பெற்றுக்கொள்ளலாம் என்ற செய்தி களப்பணியாளருக்குப் போகும். ஒரு செய்தி அனுப்பினால் ஒரு வெட்டிப் பயணம் மிச்சம். எழுதுபவருக்குத் திரும்பிக் கிடைப்பது என்றேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தத் திட்டத்தில் ஒரு சோதனையும் உள்ளடங்கியிருந்தது. எல்லா மாவட்டங்களுக்கும் குறுஞ்செய்தி முறை ஒன்றுதான். ஒரு பிரிவு மாவட்டங்களில், அதனுடன், களப்பணியாளர், நிலையம், மாவட்டம் ஆகிய மூன்று நிலையிலும் உள்ளவர்கள் கூடி அந்த எண்களைப் பேசித் தீர்க்கும் குழுக்கள் அமைக்கப்பட்டன. மற்றொரு பிரிவில், குழுக்களுக்குப் பதிலாகச் சைக்கிள் பராமரிப்புப் பயிற்சி தரப்பட்டது. குழுக்கள் இருந்த பக்கம் அறிக்கை முழுமையாகவும், மருந்து கிடைப்பது சீராகவும் இருந்தது. பிறகு நாடெங்கும் விரிக்கப்பட்டதும் அந்த வடிவமே. சைக்கிள் பயிற்சியை நான் இளப்பமாகச் சொல்லவில்லை, அதுவும் தேவைதான். ஆனால் ஒரே கருவி இரண்டு விதமாகப் பயன் தந்ததற்குக் காரணம், மாதம் ஒருமுறை சிலர் உட்கார்ந்து எண்களைப் பார்த்ததுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட மின்னணு நலவாழ்வு வழிகாட்டியில், கைபேசி வழியே மருந்துக் கையிருப்பைத் தெரிவிப்பதும் பரிந்துரைகளில் இடம்பெற்றது.

முழு அளவிலான செயலி, அதாவது களப்பணியாளர் ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஸ்மார்ட்போனில் பதிந்து தொடர்வது, நல்ல கனவு. அது விலையுள்ள கனவும்கூட. கென்யா 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சமூகச் சுகாதாரப் பணியாளர்களை ஸ்மார்ட்போன் உள்ளிட்ட பைகளுடன் களமிறக்கியது. அதைத் தாங்கும் வரி வருவாயும் கைபேசி வலையமைப்பும் மலாவியின் ஒரு கிராமப்புற மாவட்டத்துக்கு இல்லை. உடைந்த கைபேசியை மாற்ற எத்தனை வாரம் ஆகும், மின்னேற்றம் எங்கே செய்வது, மாத இணையக் கட்டணத்தை யார் போடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைக்காதவரை, செயலியை வாங்குவது பயிற்சி வகுப்பு நடத்திப் படம் எடுத்துக்கொள்வதற்கே உதவும். முன்னோட்டத் திட்டங்கள் மழைக்காலக் காளான்போல முளைத்து ஒன்றோடொன்று பேசாமல் கிடந்ததால்தான், 2012 ஜனவரியில் உகாண்டாவின் சுகாதார அமைச்சகம், தன் ஒப்புதல் இல்லாமல் இனி எந்த மின்னணு முன்னோட்டமும் கூடாது என்று நிறுத்தி வைத்தது. மலாவியின் மாவட்டங்களுக்கும் அந்தத் துணிவு வேண்டும்.

தரவு யாருடையது என்ற கேள்வியில் மூன்று வழிகளும் சமம் அல்ல. தொகுப்பு எண்ணில் ஒருவரின் பெயர் இல்லை. மருந்துக் கையிருப்பிலும் இல்லை. நோயாளர் பதிவேட்டிலும் வீட்டுப் பதிவுச் செயலியிலும் பெயர், ஊர், எச்.ஐ.வி. நிலை எல்லாம் இருக்கும். மலாவி 2024இல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தனிநபர் தரவுப் பாதுகாப்பையும் உள்ளடக்கிய, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மலாபோ உடன்படிக்கை 2014இல் ஏற்கப்பட்டு 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருப்பதால் மட்டும் சிக்கல் தீர்வதில்லை. அமெரிக்காவுடன் செய்துகொண்ட சுகாதார உதவி ஒப்பந்தத்தின் தரவுப் பகிர்வுப் பகுதியைக் கென்யாவின் உயர் நீதிமன்றம் 2025 டிசம்பரில் இடைக்காலமாக நிறுத்தியது, உதவிக்குக் கைம்மாறாக நோயாளர் தரவு கேட்கப்படுகிறதோ என்ற ஐயம் எவ்வளவு கூர்மையாகியிருக்கிறது என்பதைக் காட்டியது. மாவட்ட அலுவலகத்தால் பன்னாட்டு ஒப்பந்தத்தை மாற்ற முடியாது. ஆனால் தேவையில்லாத பெயர்களைச் சேர்க்காமல் இருக்க அதனால் முடியும், சேர்க்காத தரவு கசிவதும் இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, நான் அந்த அலுவலகத்தின் இடத்தில் இருந்தால் தொகையின் பெரும்பகுதியை முதல் வழியில், அதுவும் கருவிகளில் போடாமல் மேற்பார்வைப் பயணத்தில் போடுவேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் காலாண்டுக்கு ஒருமுறை இருவர் சென்று, பதிவேட்டையும் படிவத்தையும் மருந்து அலமாரியையும் ஒருசேரச் சரிபார்த்து, போன காலாண்டின் எண்ணை நிலையத்தின் சுவரில் ஒட்டிவிட்டு வருவதற்கான எரிபொருளும் படியும் அதில் அடங்கும். பதிவேடு அச்சடிக்கும் செலவையும் இதில் சேர்க்க வேண்டும். பதிவேடு தீர்ந்து நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து எழுதும் நிலையங்கள் பற்றித் திட்ட அறிக்கைகள் பேசுவதில்லை. அடுத்ததாக, மருந்துக் கையிருப்புச் செய்தி முறையையும், அதைச் சுற்றிய மாதக் கூட்டத்தையும் உயிருடன் வைத்திருப்பேன். காலரா போன்ற அவசரக் காலத்தில் தினசரி எண்ணைத் திரட்டவும் இதே வழி உதவும். 2022 மார்ச்சில் தொடங்கி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 1,700க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்ட மலாவியின் காலராக் கொள்ளைநோயில், மாத இறுதிவரை காத்திருக்கும் எண்ணால் யாருக்கும் பயன் இருந்திருக்காது.

மின்னணு நோயாளர் பதிவேட்டை மாவட்ட மருத்துவமனையின் எச்.ஐ.வி. மையத்தோடும், நோயாளர் மிகப் பெருகிய ஓரிரு நிலையங்களோடும் நிறுத்திக்கொள்வேன். அங்கும் அமைச்சகம் ஏற்றுக்கொண்ட மென்பொருள்தான்; விலையில்லாமல் தருகிறேன் என்று வரும் தனி மென்பொருளுக்கு இடமில்லை, ஏனெனில் அது கேட்கும் விலை பிறகு தெரியவரும். இந்த வரிசைக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு: நோயாளியைத் தனித்தனியாகத் தொடராமல், மகப்பேற்றுக்கு முன் நான்கு முறை வந்தவள் யார், இடையில் காணாமல் போனவள் யார் என்பதை ஒருபோதும் அறிய முடியாது, தொகுப்பு எண் அதைச் சொல்லாது. அது உண்மை. அந்த இழப்பைத் தெரிந்தேதான் இந்த வரிசையைச் சொல்கிறேன். மகப்பேற்றுப் பதிவேட்டுடன், வரவேண்டிய நாளின்படி வரிசைப்படுத்திய ஒரு பெட்டி அட்டைகளை வைத்து, வாரம் ஒருமுறை வராதவர்களின் பெயரைக் களப்பணியாளரிடம் கொடுத்தாலே அந்த இழப்பில் பெரும்பகுதியைச் சரிக்கட்டலாம்.

எந்த நிலையில் என் வரிசை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். நிலையத்தின் கூரையில் சூரிய மின்தகடு இருந்து, அதன் மின்கல மாற்றத்துக்கு மாவட்ட வரவு செலவில் தனி வரி இருந்து, தரவு எழுத்தரின் பதவி அரசின் பணிப் பட்டியலில் ஏறிவிட்டால், நோயாளர் பதிவேட்டை அந்த நிலையத்துக்குக் கொண்டுபோகத் தயங்க மாட்டேன். 2017இல் ஒன்பது மில்லியனுக்கு மேற்பட்டோரைப் பதிவுசெய்து மலாவி உருவாக்கிய தேசிய அடையாள அட்டை எல்லார் கையிலும் இருக்கும்போது, ஒரே நோயாளிக்கு மூன்று பதிவு என்ற தொல்லையும் குறையும். அதுவரை, கணினி வழங்க முன்வருபவரிடம் மாவட்ட அலுவலர் கேட்க வேண்டியவை இவை: ஆறாம் ஆண்டில் மின்கலத்துக்கும் ஒட்டுத்தாளுக்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், தரவின் முழுப் பிரதியை எந்த வடிவில் எங்களிடம் ஒப்படைப்பீர்கள், உங்கள் முறை நின்றுபோகும் நாளில் செவிலியர் எந்தப் பதிவேட்டில் எழுதுவார்? மூன்றாம் கேள்விக்கு, முறை நிற்கவே நிற்காது என்று பதில் வந்தால், அவரிடம் கையெழுத்திடும் அவசரம் எதுவும் இல்லை.